சொல்லி அடிக்கும் பிள்ளை

பிள்ளைகளைப் பில்லியர்ட்ஸ் மேசைப் பக்கம் விடலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ‘சூதாடுகிற இடம், சிகரெட் புகை, வெட்டிப் பொழுது’ என்று ஒரு தரப்பு கதவைச் சாத்திவிடுகிறது. ‘கணக்கு வரும், இயற்பியல் வரும், கவனம் கூடும், பொறுமை வளரும்’ என்று இன்னொரு தரப்பு அடுக்குகிறது. முதல் தரப்பு பார்ப்பது ஆட்டம் நடக்கும் இடத்தை; இரண்டாம் தரப்பு நம்புவது ஆட்டத்தின் விளம்பரத்தை. மேசையின் மேல் பிள்ளையின் கையிலும் கண்ணிலும் மனசிலும் என்ன நடக்கிறது என்பதை இரண்டு பேருமே உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய பாக்கெட் பில்லியர்ட்ஸ். அதிலும் ‘எய்ட் பால்’ எனப்படும் எட்டுப் பந்து ஆட்டம். ஆறு பாக்கெட் உள்ள மேசை. ஒரு வெள்ளைப் பந்து. 1 முதல் 15 வரை எண் போட்ட வண்ணப் பந்துகள். ஒருவருக்கு 1 முதல் 7 வரையிலான முழு வண்ணப் பந்துகள், மற்றவருக்கு 9 முதல் 15 வரையிலான பட்டை போட்டவை. தன் ஏழையும் போட்டு முடித்தவர் கடைசியில் கறுப்பு 8ஐப் போட்டால் ஜெயிப்பார். நம் ஊர் மால்களில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது இதைத்தான். ஸ்னூக்கர் இதன் பெரியப்பா முறை. அதற்கு 12 அடி மேசை வேண்டும்; பத்து வயதுப் பிள்ளைக்கு அது மைதானம் மாதிரி. 7 அடி, 8 அடி, 9 அடி அளவுகளில் கிடைக்கும் எட்டுப் பந்து மேசையே சிறுவர் கைக்கு எட்டும்.

முதலில் பழைய பயத்தைப் பார்ப்போம். அது ஆதாரமில்லாத பயம் அல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களில் நேரம் போக்குவதற்காக இந்த மேசைகளைப் போட்டுவைத்தார்கள். பந்தயத்தின் கெட்ட பெயர் மேசை மேல் ஒட்டிக்கொண்டது. 1957இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘தி மியூசிக் மேன்’ இசை நாடகத்தில், ஊருக்குள் வந்திருக்கும் பில்லியர்ட்ஸ் மேசையைக் காட்டி, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோரைப் பயமுறுத்தி, அதற்கு மாற்றாக பேண்டு வாத்தியங்களை விற்கப் பார்க்கிறான் ஓர் எத்தன். அந்த அளவுக்கு அந்தப் பயம் பொதுச்சொத்தாக இருந்தது.

ஆனால் ஒரே மேசையில் இரண்டு விதமான பால்யம் நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ், மணிலாவில் மாமா நடத்திய கூடத்தில் வளர்ந்தவர். எட்டாத மேசைக்குக் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் ஏறி நின்று ஆடியவர். சிறுவனாக இருந்தபோதே பணம் வைத்தும் ஆடியவர். 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம் வென்றார். நியூயார்க் புரூக்ளினின் ஜீன் பலூகஸ் வீட்டாரும் ஒரு கூடம் நடத்தினார்கள். ஆனால் அது குடும்பங்கள் வந்துபோகும் இடம். அந்தப் பெண் 9 வயதில், 1969இல், பெரியவர்களோடு அமெரிக்க ஓப்பனில் ஆடி ஐந்தாம் இடம் பிடித்தாள். 1972 முதல் தொடர்ந்து ஏழு முறை அந்தப் பட்டம் அவளுடையது. ஆக, கெடுதலும் நன்மையும் பந்தில் இல்லை. கூடத்தை நடத்துகிறவர் கையில் இருக்கின்றன. புகையும் பந்தயமும் உள்ள கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. இதில் விவாதிக்க எதுவும் இல்லை. அப்படி இல்லாத கூடம் என்றால் பயத்தின் பங்கு அங்கே முடிந்துவிடுகிறது. மற்ற கேள்விகள் தொடங்குகின்றன.

சாம்பியன்களின் கதைகளை நன்மைக்குச் சாட்சியாக நிறுத்துவதும் சரியல்ல. பங்கஜ் அத்வானி பத்து வயதில் பெங்களூரில் அண்ணன் பின்னால் போய் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இருபதுக்கு மேற்பட்ட உலகப் பட்டங்கள் வென்றார். நம் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை வீழ்த்தி உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தைக் கொண்டுவந்தார். பெருமைப்பட வேண்டிய செய்திகள். ஆனால் ஆட்டத்தில் சிறந்த பிள்ளைக்கு ஆட்டம் என்ன செய்தது என்பது வேறு, வாரம் ஒருமுறை வந்து ஆடிவிட்டுப் போகும் சாதாரணப் பிள்ளைக்கு அது என்ன செய்கிறது என்பது வேறு. நாம் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியை.

கணக்குக்கு வருவோம். இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் புகழுரைகளில் அதிகம் கேட்பது இதுதான்; அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புதிதாக வந்த பிள்ளை ஒன்று. பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கோணலாக ஒரு மஞ்சள் பந்து நிற்கிறது. பாக்கெட்டிலிருந்து மஞ்சள் பந்தின் நடுவழியாக ஒரு கோடு இழுத்தால், அது பந்தின் பின்புறத்தில் எங்கே வெளிவருகிறதோ அங்கேதான் வெள்ளைப் பந்து தொட வேண்டும். பிள்ளை இதைச் சீக்கிரம் புரிந்துகொள்கிறது. அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்து, அந்தப் புள்ளிக்கே நேராக வெள்ளைப் பந்தை அடிக்கிறது. மஞ்சள் பந்து பாக்கெட்டுக்குப் பக்கத்தில் குஷனில், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பில், முட்டி நிற்கிறது. திரும்ப வைத்து அடித்தாலும் அதே இடம். கை நடுங்கவில்லை, பார்வையும் பிசகவில்லை. கணக்குதான் தப்பு. வெள்ளைப் பந்துக்கும் ஓர் அகலம் உண்டு. பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர். தொடும் புள்ளி மஞ்சள் பந்தின் நடுவிலிருந்து சுமார் 28 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் வெள்ளைப் பந்தின் நடு வந்து நிற்க வேண்டிய இடம் 57 மில்லிமீட்டர் தள்ளி. நல்ல பயிற்சியாளர் இதை வாயால் விளக்குவதில்லை. இன்னொரு பந்தை எடுத்து மஞ்சளுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, ‘வெள்ளை இந்த இடத்துக்கு வரணும்’ என்று காட்டிவிட்டு எடுத்துவிடுவார். இல்லாத பந்தை இருப்பதாகப் பார்த்து அடிக்கப் பிள்ளை பழகுகிறது.

இங்கே நடந்தது உண்மையான வடிவியல் பாடம், சந்தேகமில்லை. வெள்ளைப் பந்தின் நடு, வண்ணப் பந்தின் விளிம்பை நோக்கிப் போனால் வண்ணப் பந்து 30 பாகையில் விலகும் என்பதைப் பிள்ளை ஒரு வாரத்தில் கண்ணால் பிடித்துக்கொள்ளும். அதற்கு முக்கோணவியல் நிரூபணம் இருக்கிறது. ஆனால் அந்த நிரூபணம் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமலே பந்து விழும். கோணமானியைத் தொடாமலே ஒருவர் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஆகலாம். கைக்குத் தெரிந்தது நோட்டுப் புத்தகத்துக்கு ஏறுமா என்பதுதான் கேள்வி.

ஏறாது என்பதற்குத்தான் சான்று கூடுதல். 1901இலேயே உளவியலாளர்கள் எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணளவில் மதிப்பிட ஆட்களைப் பழக்கினார்கள். அதில் தேறியவர்கள், வடிவமும் அளவும் மாறியதும் பெரிதாக மேம்படவில்லை. பழகியது பழகிய இடத்திலேயே தங்கிவிட்டது. செஸ் ஆடினால் கணக்கு வரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எவ்வளவு ஆழமானது என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நூறு பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து அதைச் சோதித்தார்கள். பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்து வைத்த தேர்வில் கணக்கு மதிப்பெண்ணில் எந்தப் பயனும் தெரியவில்லை என்று 2016இல் வந்த அறிக்கை சொன்னது. செஸ், இசை, நினைவாற்றல் பயிற்சி மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த ஜொவான்னி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபேவும், ஆய்வு எவ்வளவு கறாராக நடத்தப்படுகிறதோ அவ்வளவுக்குப் பயன் சுருங்கிப்போகிறது என்றே கண்டார்கள். செஸ்ஸுக்கே இந்தக் கதி என்றால், பந்து தட்டுவதால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் பணம் வாங்குவது நேர்மையல்ல.

இயற்பியல் என்ற புகழுரைக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். மேசை தன் விதிகளைக் கண்ணெதிரே காட்டுகிறது. சுழற்சி இல்லாமல் சறுக்கிவரும் வெள்ளைப் பந்து நேருக்கு நேர் மோதினால் அப்படியே நின்றுவிடும். ஓட்டம் முழுவதும் மற்றப் பந்துக்குப் போய்விடும். கோணலாக மோதினால் இரண்டும் 90 பாகையில் பிரியும். எடை சமமாக இருப்பதால்தான் இப்படி. நம் வீட்டுக் கேரம் போர்டில் இதைச் செய்துபாருங்கள், நடக்காது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் 5 கிராம் சொச்சம். நேராக அடித்தாலும் ஸ்ட்ரைக்கர் நிற்காது. ஏறக்குறைய பாதி வேகத்தோடு காயைத் துரத்திக்கொண்டே போகும், சில சமயம் பாக்கெட்டுக்குள்ளும் விழும். இரண்டையும் ஒரே வாரத்தில் ஆடிய பிள்ளையிடம் ‘ஏன் இது நின்றது, அது நிற்கவில்லை?’ என்று கேட்க ஒரு பெரியவர் இருந்தால், அது பள்ளிப் பாடத்துக்கு முன்னாலேயே கிடைக்கும் நல்ல பாடம். கேட்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு. அதில் குறையொன்றும் இல்லை; ஆனால் அதைப் பாடம் என்று சொல்லக் கூடாது.

குஷனில் பட்ட கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பலமாக அடித்தால் பந்து ரப்பருக்குள் அழுந்தி, எதிர்பார்த்ததைவிடக் குறுகலாகத் திரும்பும். பக்கவாட்டுச் சுழற்சி இருந்தால் கணக்கே மாறும். பந்தோடு பந்து உரசும்போதும் கொஞ்சம் விலகல் வரும். விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மேசை பொய் சொல்வதுபோலத் தோன்றும். விதி ஏன் இங்கே கொஞ்சம் விலகியது என்று தேடப் பழகிய பிள்ளைக்கு அதுவே பெரிய படிப்பு.

இனி, இந்த ஆட்டத்தில் எனக்கு உண்மையாகவே மதிப்பாகப் படுவது. எட்டுப் பந்து ஆட்டத்தின் உலக விதிப்படி, எந்தப் பந்தை எந்த பாக்கெட்டில் போடப்போகிறேன் என்று ஆட்டக்காரர் அறிவித்தாக வேண்டும். வெளிப்படையாகத் தெரியும் ஷாட் என்றால் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் எதிராளி கேட்கலாம். சொன்ன பந்து சொன்ன பாக்கெட்டில் விழாமல் வேறொன்றில் விழுந்தால் முறை கைமாறிவிடும். சொல்லி அடிக்க வேண்டும். சொல்லாமல் விழுந்ததை வைத்து ஆட்டத்தைத் தொடர முடியாது.

ஒரு பிள்ளையின் நாளை எண்ணிப் பாருங்கள். தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் செய்வதற்கு முன்பே துல்லியமாகச் சொல்லிவிட்டு, சில நொடிகளில் அது நடந்ததா இல்லையா என்று எல்லோர் முன்பும் பார்க்கும் வாய்ப்பு எங்கே இருக்கிறது? பள்ளித் தேர்வு முடிவு வர வாரங்கள் ஆகும். வரும்போது கேள்வியே மறந்திருக்கும். கிரிக்கெட்டில் எட்ஜ் வாங்கிப் போன பவுண்டரிக்கும் நான்கு ரன்தான். இங்கே அதிர்ஷ்டத்துக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. ‘6, அந்த மூலை’ என்று சொன்ன பெண் குழந்தை, 6 வேறு மூலையில் போய் விழுந்ததும் துள்ளிக் குதிக்கிறாள். பிறகு சொன்னது நினைவுக்கு வந்து, தானாகவே குச்சியோடு பின்வாங்கி நாற்காலிக்குப் போகிறாள். தான் நினைத்ததற்கும் தன் கை செய்ததற்கும் உள்ள இடைவெளியை அவள் அந்த இடத்திலேயே அளந்துவிட்டாள். திட்டவும் ஆள் இல்லை, சமாதானம் சொல்லவும் ஆள் தேவையில்லை.

சொல்லி அடிப்பது இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. இதைப் போட்டால் வெள்ளைப் பந்து எங்கே நிற்கும், அங்கிருந்து அடுத்தது எது? இந்த யோசனை தொடங்கும் நாளில்தான் பிள்ளை உண்மையில் ஆட்டத்துக்குள் நுழைகிறது. கறுப்பு 8 இதைக் கடுமையாகவே சொல்லித்தருகிறது. தன் ஏழும் முடியும் முன்பு 8ஐத் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால் ஆட்டம் அங்கேயே தோல்வி. ஆறு பந்து போட்டிருந்தாலும் பயனில்லை. ‘சேஃப்டி’ என்று முன்கூட்டியே சொல்லி, எதையும் போடாமல் எதிராளிக்கு வழியடைத்துவிட்டு வரவும் விதி இடம் தருகிறது. இப்போது முடியாது என்று தெரிந்தால் அதை ஒத்துக்கொண்டு திட்டமிட்டுப் பின்வாங்குவதும் ஆட்டம்தான் என்று பத்து வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல.

சொல்லி அடிக்கும் இந்த விதியைத் தளர்த்திய இடத்தில் எல்லாம் போய்விடும். ஒன்பது பந்து ஆட்டத்தில் வழக்கமான விதிப்படி சொல்லாமல் தற்செயலாக விழுந்த பந்தும் செல்லும். பெரியவர்களுக்கு அது விறுவிறுப்பான ஆட்டம். ஆனால் கற்கும் பிள்ளைக்கு அது ‘பலமாக அடி, எது விழுதோ விழட்டும்’ என்ற பழக்கத்தைத் தரும். நம் ஊர்க் கூடங்களில் எட்டுப் பந்தையும் இப்படித்தான் ஆடவிடுகிறார்கள், மணிக்கணக்கில் பணம் ஓடுவதால் யாரும் தடுப்பதில்லை. அப்படி ஆடுகிற பிள்ளை கைப்பழக்கம் தவிர வேறெதையும் கொண்டுபோகவில்லை என்பதே என் மதிப்பீடு.

நேர்மை, பொறுமை என்ற இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டைக் கை பந்தில் பட்டதை எதிராளி பார்க்காவிட்டாலும் தானே ‘ஃபவுல்’ என்று சொல்வது ஸ்னூக்கரின் நல்ல மரபு. அதே பில்லியர்ட்ஸ் உலகத்தில், தன் திறமையை மறைத்து ஆடி, எதிராளி பந்தயத் தொகையை ஏற்றியதும் சுருட்டிக்கொண்டு போகும் மரபும் ஓங்கி வளர்ந்தது. ஆகவே நேர்மையை ஆட்டம் கற்றுத்தராது; கூட ஆடுபவர்கள் கற்றுத்தருவார்கள். பொறுமையோ, இரட்டை முனைக் கத்தி. எதிராளி பந்து போட்டுக்கொண்டே இருக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். குறுக்கே எதுவும் செய்ய முடியாது. பன்னிரண்டு வயதில் அது பக்குவம் தரலாம். ஏழு வயதில், நன்றாக ஆடும் அப்பாவோடு ஆடினால், ஒரு ஆட்டத்தில் இரண்டு முறைதான் குச்சியைத் தொட்டேன் என்று பிள்ளை அழும்; அழுவது நியாயம். ஃபவுல் ஆனாலும் ஆகாவிட்டாலும் பிள்ளையின் முறை வரும்போது வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதுதான் சரியான சலுகை. வேண்டுமென்றே தவறவிட்டுத் தோற்றுக்கொடுப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உடலுக்கு? இதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதக் கூடாது. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஆட்டம் அதில் ஒரு நிமிடத்தையும் ஈடுகட்டாது. மாலையில் தெருவில் ஓடுகிற பிள்ளையைப் பிடித்து ஏசி அறையில் நிறுத்துவது நஷ்டம். வீடியோ கேம் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அழைத்துவருவது லாபம். உயரமும் ஒரு கணக்கு. மேசை 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். பெரியவர் குச்சி ஏறக்குறைய 147 சென்டிமீட்டர் நீளம். ஒரு காலாவது தரையில் பட வேண்டும் என்பது விதி. எட்டு வயதுக்குக் கீழ் இது போராட்டம்தான். 122 சென்டிமீட்டர் சிறுவர் குச்சி இருக்கும் கூடமாகப் பார்க்க வேண்டும். எட்டாத ஷாட்டுக்கு, குச்சியைத் தாங்கும் ரெஸ்ட் வைத்து ஆடப் பழக்க வேண்டும்.

செலவை நினைக்கும்போதுதான் கேரம் மறுபடி வந்து நிற்கிறது. நம் வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும் பலகை. சென்னையின் மரியா இருதயத்தை இரண்டு முறை உலக சாம்பியன் ஆக்கிய ஆட்டம். பந்தின் சுழற்சியும் உருளலும் அதில் இல்லை, ஸ்ட்ரைக்கருக்கும் காய்க்கும் எடையும் சமமில்லை. ஆனால் நான் மேலே பெரிதாகப் பேசிய அந்த ஒன்று, முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடிப்பது, கேரமில் வைக்க எந்தத் தடையும் இல்லை. வழக்கமான கேரம் விதியில் அது கிடையாது. வீட்டு விதியாக வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

என் தீர்ப்பு இதுதான். கணக்குக்காக, இயற்பியலுக்காக, உடம்புக்காகப் பிள்ளையை இந்த மேசைக்கு அனுப்பாதீர்கள். அவற்றுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தன் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்லி, அதற்குத் தானே பொறுப்பேற்கப் பழகட்டும் என்றால் அனுப்புங்கள். இதை இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு நியாயமாகவும் சொல்லித்தரும் ஆட்டங்கள் குறைவு. எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். கட்டணம் கட்டும் முன் கூடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். புகை இருக்கிறதா, பந்தயம் நடக்கிறதா என்று பாருங்கள். பிறகு பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இங்கே பிள்ளைகள் சொல்லி அடிக்கிறார்களா?’ இல்லை என்றால் அந்தப் பணத்தில் நல்ல கேரம் போர்டு ஒன்று வாங்கி, நீங்களும் எதிரே உட்காருங்கள்.